மெக்சிகோ பியரைச் சுவைத்து ஒப்பிடுவது எப்படி: எலுமிச்சையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள்

மெக்சிகோ பியர் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஒரே படம்தான்: நிறமில்லாத கண்ணாடி பாட்டில், அதன் வாயில் செருகிய எலுமிச்சைத் துண்டு. வேலைக்காக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக்கு வந்து சேர்ந்த முதல் வருஷம் முழுக்க நானும் அப்படித்தான் குடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவர் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, செம்பு நிறத்தில் விக்தோரியா என்ற பியரைக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். நான் பழக்கதோஷத்தில் எலுமிச்சைக்குக் கை நீட்டினேன். "முதலில் இதைக் குடி, அப்புறம் அதைப் பிழி" என்றார். குடித்தேன். பன் ரொட்டியின் பழுப்பு மேல்தோலைத் தனியாகப் பிய்த்துத் தின்றால் ஒரு மணம் வருமே, அது அந்தப் பியரில் இருந்தது. ஒரு வருஷமாக எலுமிச்சைச் சாற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

கீழே சொல்லியிருப்பதை நான்கைந்து பேர் கூடி ஒரே மாலையில் செய்துவிடலாம். ஒவ்வொரு பியரிலும் ஒருவருக்கு 80 முதல் 100 மில்லி போதும். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவர் அன்றைக்குக் குறிப்பு எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் நிறங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெக்சிகோவில் உணவகப் பரிமாறுபவர் பிராண்டு பெயரைக் கேட்பதற்கு முன் "கிளாராவா, ஒஸ்கூராவா?" என்று கேட்பது சகஜம். கிளாரா என்றால் வெளிர் பியர், ஒஸ்கூரா என்றால் கருத்தது. இரண்டுக்கும் நடுவில் செம்பு நிறத்தில் ஆம்பர் இருக்கிறது. நீங்கள் ஒப்பிடப்போவது அடிப்படையில் இந்த மூன்றையும்தான்.

மூன்றுமே லாகர் வகை. குளிர்ந்த நிலையில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட்டைக் கொண்டு புளிக்கவைத்து, பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே வைத்துத் தெளியவிட்டது லாகர். அந்த ஈஸ்ட் பழவாசனை எதையும் பெரிதாக விட்டுச் செல்லாது. ஆகவே ஒரு லாகரில் உங்கள் நாக்குக்குத் தெரிவது பெரும்பாலும் தானியமும், கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவும்தான். நிறம் தானியத்திலிருந்து வருகிறது. முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, எவ்வளவு சூட்டில் உலர்த்தினார்கள் என்பதைப் பொறுத்து வெளிறியோ சிவந்தோ கருத்தோ போகிறது.

செம்பு நிறப் பியரின் பூர்வீகம் வியன்னா. அன்டன் ட்ரேஹர் என்பவர் 1841-ல் வியன்னாவை அடுத்த ஷ்வெஹாட்டில் அந்த லாகரைக் கொண்டுவந்தார். ஆஸ்திரியாவிலிருந்து வந்து 1864 முதல் 1867 வரை மெக்சிகோவின் பேரரசராக இருந்த மாக்ஸிமிலியன்தான் இதை அங்கே கொண்டுபோனார் என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. லாகருக்குக் குளிர் வேண்டும். மெக்சிகோவில் பனிக்கட்டி இயந்திரங்களும், மால்ட்டையும் கனமான சாமான்களையும் இழுத்து வர ரயிலும் பெருமளவில் வந்தது அவர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான். வெராக்ரூஸிலிருந்து தலைநகருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1873-ல். அமெரிக்க எல்லைவரை பாதை இணைந்தது 1884-ல். 1875-ல் தொலூகா நகரத்து மதுவடிப்பாலையை வாங்கிய சுவிஸ்காரர் சாந்தியாகோ கிராஃப் போன்ற ஆலைக்காரர்களுக்கே இந்தப் புகழ் போக வேண்டும் என்பது என் எண்ணம். பிற்பாடு வியன்னாவிலேயே அந்தப் பியர் வழக்கொழிந்தது. மெக்சிகோவில் மட்டும் அது ஜனங்களின் அன்றாடப் பியராகத் தங்கிவிட்டது. அதனால்தான் இந்த ஒப்பீட்டில் ஆம்பருக்கு அதிக நேரம் ஒதுக்கச் சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை

என் பட்டியல் இது: கொரோனா ஒரு பாட்டில், கொரோனா ஒரு கேன், மொதேலோ எஸ்பெசியால், பொஹேமியா கிளாரா, விக்தோரியா, தோஸ் எக்கிஸ் ஆம்பர், நெக்ரா மொதேலோ. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கடைசியில் சொன்னது "மொதேலோ நெக்ரா" என்று பெயர் மாற்றிப் போட்ட லேபிளோடு கிடைக்கும். ஏழில் ஒன்றிரண்டு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நிறத்துக்கு ஒன்றாவது இருந்தால் போதும்.

மெக்சிகோவிலேயே வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பியர்ச் சந்தை இரண்டு பெரிய வீடுகளுக்குள், அதாவது நிறுவனங்களுக்குள், பங்குபோட்டுக் கொண்டது. கொரோனா, விக்தோரியா, பசிஃபிகோ, மொதேலோ எல்லாம் ஒரு வீடு. தெக்காத்தே, தோஸ் எக்கிஸ், பொஹேமியா, இந்தியோ, சோல் எல்லாம் இன்னொரு வீடு. மொதெலோராமா என்று பலகை போட்ட கடையில் முதல் வீட்டுச் சரக்கும், சிக்ஸ் என்று பலகை போட்ட கடையில் இரண்டாம் வீட்டுச் சரக்கும் இருக்கும். ஒப்பீட்டுக்கு இரண்டு கடையும் ஏறி இறங்கத்தான் வேண்டும், அல்லது பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று ககுவாமாவை வாங்காதீர்கள். கடலாமையின் பெயர் கொண்ட அந்த 940 மில்லி பாட்டில் கூட்டமாக உட்கார்ந்து குடிக்க அருமையானது. ஆனால் திறந்து வைத்தால் மேசையிலேயே வாயு இறங்கிப்போகும், கடைசிக் கிளாஸும் முதல் கிளாஸும் ஒரே பியர் மாதிரி இருக்காது.

மெக்சிகோவுக்கு வெளியே வாங்கினால், பின் லேபிளில் எந்த நாட்டில் காய்ச்சியது என்று போட்டிருப்பதைப் படியுங்கள். மெக்சிகோ பெயர் இருப்பதெல்லாம் மெக்சிகோவில் தயாரானதல்ல. தேதியையும் பாருங்கள். லாகர் வயதாக ஆக மேம்படும் சரக்கு அல்ல. நாள்பட்டதில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை ஏறிவிடும்.

கண்ணாடி ஜன்னலோரம் அடுக்கி வைத்த பாட்டிலை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். ஒருமுறை நண்பர்களுக்காக ஒரு கடையில் வெயில் படும் அலமாரியிலிருந்து பன்னிரண்டு பாட்டில் வாங்கி வந்து, அத்தனையும் நாறிப்போய், அந்த மாலையே வீணாயிற்று. காரணம் என்ன என்பதைக் கீழே முதல் சோதனையில் நீங்களே முகர்ந்து பார்க்கப் போகிறீர்கள்.

குளிர்ச்சியும் கிளாஸும்

கிளாராவை ஐஸ்பெட்டியில் புதைத்து, நாக்கு மரத்துப்போகும் குளிரில் கொடுப்பது மெக்சிகோவின் கடற்கரை வழக்கம். வெயிலுக்கு அதுவே சரி. ஒப்பிடுவதற்குச் சரிவராது, ஏனென்றால் அந்தக் குளிரில் எல்லாப் பியரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிளாராவை 5 டிகிரி செல்சியஸ் வாக்கிலும், ஆம்பரையும் ஒஸ்கூராவையும் 8 முதல் 10 டிகிரியிலும் ஊற்றுங்கள். வெப்பமானி வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கிளாரா. எடுத்து வெளியே பத்து நிமிஷம் வைத்து ஆம்பர். இன்னும் ஐந்து நிமிஷம் தாமதித்து ஒஸ்கூரா. ஃபிரீசரில் வைத்து உறைபனி படிந்த கிளாஸ் பார்க்க அழகு, ஆனால் அன்றைக்கு அது வேண்டாம்.

கிளாஸ் எந்த வடிவமானாலும் சரி, எல்லாருக்கும் எல்லாப் பியருக்கும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு துளி தங்கியிருந்தாலும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது. வெந்நீரில் அலசிக் கவிழ்த்துத் தானாக உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் பஞ்சு ஒட்டி, அதிலிருந்து குமிழி கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒரு நல்ல சோதனை: கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டால் அது சுத்தமில்லை.

வாய் கழுவச் சாதாரணத் தண்ணீரும், உப்பில்லாத ரொட்டித் துண்டும் வையுங்கள். மிளகாய்த்தூள் தூவிய வேர்க்கடலை மெக்சிகோ மேசையில் எப்போதும் இருக்கும். அது கடைசியில் வரட்டும். அறையில் ஊதுபத்தி, அடுக்களையில் தாளிப்பு இரண்டும் கூடாது.

ஒரு வாய் பியரை எப்படிச் சுவைப்பது

கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, நடுவில் விழும்படி முடியுங்கள். இரண்டு விரல்கடை நுரை எழும்ப வேண்டும். நுரை உடையும்போதுதான் மணம் மேலே வருகிறது. பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பவருக்கு அந்த மணத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து நிறத்தைப் பாருங்கள். பிறகு சுருக்சுருக்கென்று இரண்டு தடவை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். பியரில் கசப்பைத் தொண்டையின் தொடக்கத்தில்தான் நன்றாக உணர்கிறோம், ஆகையால் ஒயின்காரர்கள்போலத் துப்பிவிட்டால் பாதி விஷயம் போய்விடும். விழுங்கியபின் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். அப்போது ஒரு இரண்டாவது மணம் வரும், அதையும் எழுதுங்கள். கடைசியாக, பத்து எண்ணிவிட்டு வாயில் என்ன மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்: கசப்பா, இனிப்பா, வெறும் ஈரமா.

எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இது மிக முக்கியம். ஒருவர் "தேன் வாசனை" என்று சொல்லிவிட்டால் மேசை முழுக்கத் தேன் மணக்கத் தொடங்கிவிடும். சொற்களுக்கு இணையதளப் பட்டியலைத் தேடாதீர்கள். அவித்த மக்காச்சோளம், பொரி, அரிசி கழுவிய தண்ணீர், வறுத்த கடலையின் தோல், பிஸ்கட், வெல்லப்பாகு, கருப்பட்டி, பச்சைப் புல் என்று நம் மூக்குக்குத் தெரிந்ததையே எழுதினால் அடுத்த வருஷம் படித்தாலும் அந்தப் பியர் நினைவுக்கு வரும்.

முதல் சோதனை: வெளிச்சம்

கொரோனா கேனையும் பாட்டிலையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் ஊற்றுங்கள். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், பாட்டிலை அன்று மதியம் அரைமணி நேரம் நல்ல வெயிலில் நிறுத்தி, பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேனில் உள்ளது மெல்லிய தானிய இனிப்போடு, சுத்தமாக இருக்கும். வெயில் பட்ட பாட்டிலில் ஒரு துர்வாசனை எழும். அமெரிக்கர்களும் மெக்சிகர்களும் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை உதாரணம் காட்டுவார்கள். நமக்கு அந்த விலங்கு பழக்கமில்லை. சமையல் எரிவாயு கசிந்தால் தெரிவதற்காக ஒரு நாற்றப்பொருள் கலக்கிறார்களே, அதுவும் இதுவும் தயோல் என்ற ஒரே வேதிக் குடும்பம். ஹாப்ஸின் கசப்புப்பொருள், பியரில் இயல்பாகவே உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் வெளிச்சத்தை வாங்குவதால் உடைந்து, கந்தகத்தோடு சேர்ந்து இந்தத் தயோலாகிறது. பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும், நிறமில்லாத கண்ணாடி தடுக்கவே தடுக்காது. எலுமிச்சை செருகும் வழக்கம் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எதுவானாலும், அந்த நாற்றத்தை எலுமிச்சை நன்றாக மறைக்கிறது என்பதை இப்போதே ஒரு துண்டு பிழிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஒரு சோதனைக்கு மட்டும் நேரமிருந்தாலும் செய்துவிடுங்கள். ஒரு பியரை "நன்றாக இல்லை" என்று ஒதுக்குவதற்கு முன், பழி காய்ச்சியவர் மேலா கண்ணாடி மேலா என்று யோசிக்கும் பழக்கம் இதற்கப்புறம் வந்துவிடும்.

இரண்டாவது சோதனை: கிளாராவுக்குள் உள்ள தூரம்

மொதேலோ எஸ்பெசியாலும் பொஹேமியாவும். இரண்டும் பொன்னிறம், தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெளிர் பியர்களில் பலவற்றில் பார்லியோடு மக்காச்சோளமோ அரிசியோ சேர்க்கிறார்கள். அவை மாவுச்சத்தை மட்டும் தந்து, புரதத்தையும் மணத்தையும் குறைவாகவே தரும். எனவே பியர் மெலிந்து, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. மசாத்லான் கடற்கரையில், பச்சை மிளகாயும் எலுமிச்சையும் ஊறிய இறால் தட்டுக்கு முன்னால் கனமான பியரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பொஹேமியா 1905-லிருந்து மொன்தெர்ரேய் நகரத்து ஆலையின் பெருமைக்குரிய சரக்கு. பெயரே செக் நாட்டுப் பில்ஸ்னர் என்ற வெளிர் லாகர் மரபைச் சுட்டுகிறது. இதில் ஹாப்ஸின் புல்-பூ மணமும், விழுங்கியபின் நிற்கும் கசப்பும் எஸ்பெசியாலைவிடக் கூடுதல். பத்து எண்ணிப் பார்க்கச் சொன்னேனே, அந்த இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

மூன்றாவது சோதனை: ஆம்பர்

இங்கே அவசரப்படாதீர்கள். விக்தோரியா தன் வயதை 1865-லிருந்து கணக்கிடுகிறது, மெக்சிகோவின் மிகப் பழைய பிராண்டுகளில் ஒன்று. தொலூகாவில் பிறந்தது, 1935-ல் கைமாறி மொதேலோ வீட்டுக்கு வந்தது. தோஸ் எக்கிஸ் பிறந்தது 1897-ல், வெராக்ரூஸ் மாநிலத்து ஒரிசாபாவில். இருபதாம் நூற்றாண்டு பிறக்கப்போகிறது என்பதைக் கொண்டாடி "சிக்லோ எக்கிஸ் எக்கிஸ்" என்று பெயர் வைத்தார்கள். ரோம எண்ணில் இருபதுக்கு இரண்டு எக்ஸ். நூற்றாண்டு வந்து போய்விட்டது, இரண்டு எக்ஸ் மட்டும் நின்றுவிட்டது.

இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு முன் பிடியுங்கள். விக்தோரியா தங்கமும் செம்பும் கலந்தது, தோஸ் எக்கிஸ் ஆம்பர் இன்னும் சிவந்தது. முகர்ந்தால் இரண்டிலும் ரொட்டித்தோல், பிஸ்கட். குடிக்கும்போது விக்தோரியா இலகுவாக இருக்கும். அதில் ஆல்கஹால் 4 சதவீதம்தான், மால்ட் மணத்தைக் காட்டிவிட்டுச் சட்டென்று ஒதுங்கிக்கொள்ளும். தோஸ் எக்கிஸ் ஆம்பரில் காய்ச்சிய சர்க்கரையின் இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்து, வாயில் தங்கும். எனக்கு விக்தோரியா பிடிக்கும், இரண்டாவது கிளாஸும் அலுக்காது. ஒரே கிளாஸ்தான் என்றால் மற்றதைத் தேர்ந்தெடுப்பவர்கள் சொல்வதிலும் நியாயமிருக்கிறது.

இந்த இடத்தில் முடிந்தால் வியன்னா பாணியில் காய்ச்சிய சிறு ஆலைப் பியர் ஒன்றையும் சேருங்கள். எங்கள் குவாதலஹாராவின் மினெர்வா ஆலை "வியெனா" என்றே ஒன்றைக் காய்ச்சுகிறது. மூன்றையும் அடுத்தடுத்துக் குடித்தால், பழைய வியன்னா லாகர் வெயில் நாட்டுக்கு வந்து எப்படி இளைத்தது என்பது வாயிலேயே தெரியும்.

நான்காவது: ஒஸ்கூரா

நெக்ரா மொதேலோவைக் கருப்பு என்று பெயர் சொன்னாலும், விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரியும். ஆல்கஹால் 5.4 சதவீத வாக்கில். கருப்பட்டி, லேசாகக் கருகிய வேர்க்கடலை, காபித்தூள் டப்பாவைத் திறந்த கணம் என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். கருத்த பியர் கனமாகவும் கசப்பாகவும் இருக்கும் என்று பயப்படுபவர்களுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கக் கொடுங்கள். கசப்பு குறைவு, முடிவு உலர்ந்தது. நிறம் நம்மை எவ்வளவு ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆண்டின் கடைசி மாதங்களில் மெக்சிகோவில் இருந்தால் நோச்சே புவேனாவை விடாதீர்கள். கிறிஸ்துமஸ் காலத்துக்கு மட்டும் வரும் பாக் என்ற கனமான லாகர் வகைப் பியர் அது, லேபிளில் சிவப்பு நிற நோச்சேபுவேனா மலர் இருக்கும். ஆல்கஹால் 6 சதவீதத்தை நெருங்கும், உலர்திராட்சை இனிப்பு உண்டு. வரிசையில் எப்போதும் கடைசி இடம் அதற்குத்தான்; அதற்குப் பிறகு எதைக் குடித்தாலும் தண்ணீராகத் தெரியும்.

சிறு ஆலைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கடைகளைத் தங்கள் பியருக்கு மட்டும் கட்டிப்போடும் ஒப்பந்தங்களை இரண்டு பெரிய வீடுகளும் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று 2013-ல் மெக்சிகோவின் வணிகப் போட்டி ஆணையம் விதித்த பிறகு, இவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. தீஹுவானா, என்செனாதா பக்கத்து ஆலைகள் எல்லைக்கு அப்பால் உள்ள சான் டியாகோவின் தாக்கத்தில் ஹாப்ஸ் மிகுந்த, நல்ல கசப்பான ஏல்களை, அதாவது லாகரைவிட வெதுவெதுப்பான நிலையில் புளிக்கவைக்கும் பியர்களை, காய்ச்சுகின்றன. அவற்றை லாகர்களோடு ஒரே மாலையில் வைக்காதீர்கள். நாக்கு ஒருமுறை அந்தக் கசப்பில் ஊறிவிட்டால் விக்தோரியாவின் ரொட்டி மணம் தெரியாது.

நாக்கைச் சோதிக்கும் மூன்று கிளாஸ்

எல்லாம் முடிந்ததும், "எனக்கு வித்தியாசம் தெரிகிறது" என்று அடித்துச் சொல்பவருக்கு ஒரு பரீட்சை. கொரோனா கேனும் மொதேலோ எஸ்பெசியாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நிறம் காட்டிக்கொடுக்காது. அவர் பார்க்காமல் மூன்று கிளாஸில் ஊற்றுங்கள்: இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால் ஒருமுறை சரியாகச் சொன்னதை வைத்து நம்பிவிடக் கூடாது. ஆறு முறை ஊற்றி ஐந்து முறை சரியாகச் சொன்னால் நம்பலாம். வெறும் அதிர்ஷ்டத்தால் அப்படி அமைய 100-க்கு 2 வாய்ப்புகூட இல்லை. ஒவ்வொரு முறையும் 20 மில்லி போதும். இதில் தோற்பவர்கள்தான் அதிகம், நானும் இருமுறை தோற்றிருக்கிறேன். அடுத்த தடவை இன்னும் கவனமாக முகரத் தொடங்குவீர்கள்.

இனி எலுமிச்சை

இப்போது வேர்க்கடலையைக் கொண்டுவாருங்கள், தட்டில் உப்பைக் கொட்டுங்கள். கிளாஸ் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்து உப்பில் ஒற்றி, ஒன்றரைப் பழத்தின் சாறு பிழிந்து, ஐஸ் போட்டு, மீதியுள்ள பியரை ஊற்றினால் செலாதா. அதோடு காரச் சாறும் சோயா, வூஸ்டர் வகைச் சாறுகளும் சேர்ந்தால் மிச்செலாதா. ஊருக்கு ஊர் பெயர் மாறும். மெக்சிகோ நகரத்தில் மிச்செலாதா என்று கேட்டால் பல இடங்களில் எலுமிச்சையும் உப்பும் மட்டும் வரும், சாறுகளோடு வேண்டுமானால் "குபானா" என்று கேட்க வேண்டும். எல்லாரும் கிளாராவில்தான் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் விக்தோரியாவில்தான் செய்வார். எலுமிச்சையின் புளிப்புக்கு அடியில் அந்த ரொட்டி மணம் இன்னும் இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். இருக்கும்.